சொன்ன இடத்திலேயே

ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் ஆம்பூரில் வீடு வீடாகப் போவார்கள். "தெரிஞ்சும் தெரியாமலும் நான் செஞ்சதை மாஃப் பண்ணிடுங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டுவிட்டுத்தான் கப்பலேறுவார்கள். தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளி ஷபீ அஹமதும் ஒரு வாரமாக அப்படி அலைந்தான். எல்லோரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஃப், மாஃப். அங்க போய் எங்களுக்கும் துவா செய்யுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு வீடு மட்டும் பாக்கி. அது ஆம்பூரில் இல்லை, பேரணாம்பட்டில் இருந்தது.

அந்த வீட்டில் அவனுடைய அண்ணி வஹீதா இருந்தாள். விஷக்காய்ச்சல் ஊரை வாரிக்கொண்டு போன வருஷம் அவனுடைய அண்ணன் அமீர் பாஷாவும் போய்ச் சேர்ந்தான். துக்க காலமான இத்தா முடிந்ததும், கைக்குழந்தையோடு நின்ற அண்ணியைத் தனக்குக் கட்டிக்கொடுக்கும்படி ஷபீ கேட்டான். "என் பிள்ளையை வளர்த்தாப் போதும்" என்று வஹீதா மறுத்துவிட்டாள். அடுத்த மாதமே, பள்ளிவாசல் முற்றத்தில் பெரியவர்கள் கூடியிருந்த நேரத்தில், ஷபீ எழுந்து ஒன்று சொன்னான். ஷாப்பின் கணக்குப்பிள்ளை துரைசாமி விடியற்காலையில் அண்ணி வீட்டுப் பின்கதவால் வெளியே வந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னான்.

அது பொய் என்று இதுவரை படித்து வந்த உங்களுக்குத் தெரியும். ஆம்பூருக்குத் தெரியாது. பதினாறு வருஷமாகத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஷபீ பேரணாம்பட்டில் வந்து இறங்கினான். சாயந்திரம் அவனுக்கு ரயில்.

*

கதவைத் திறந்தவள் ரஃபத் ஜஹான். வஹீதாவின் மகள். அப்பாவின் தம்பியான சாச்சாவைத் தூரத்தில் இரண்டு கல்யாணங்களில் பார்த்திருக்கிறாள்; இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"அம்மா, ஆம்பூர் சாச்சா வந்திருக்காரு."

உள்ளறை வாசலில் தொங்கிய திரைக்குப் பின்னால் வஹீதா பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை.

"உக்காரச் சொல்லு."

ஷபீ உட்காரவில்லை. திரையைப் பார்த்தபடி நின்றான்.

"பாபி, நான் ஹஜ்ஜுக்குப் போறேன். இன்னிக்கு சாயந்திரம் ரயில்."

"கேள்விப்பட்டேன். அல்லா கபூல் பண்ணி ஏத்துக்கட்டும்."

"உங்ககிட்ட மாஃப் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"எதுக்கு மாஃப்?"

"பழசு எல்லாத்துக்கும்."

"பழசுன்னா இன்னா? அதுக்கு ஒரு பேரு இருக்குமே. அதைச் சொல்லுங்க."

முன்பெல்லாம் வஹீதா அவனை 'வா, போ' என்றுதான் பேசுவாள். அவள் மருமகளாக வந்த நாளில் அவன் மீசை அரும்பாத பையன். இப்போது அவள் சொன்ன 'நீங்க' அவனைத் தள்ளி நிறுத்தியது.

"பொண்ணு இருக்கா, பாபி."

"இருக்கட்டும். ஊருக்கே கேட்டது அவளுக்கு மட்டும் கேக்கக் கூடாதா?"

தண்ணீர்ச் சொம்போடு நின்ற ரஃபத் ஜஹான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஷபீ தலையைக் குனிந்துகொண்டான்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய். துரைசாமியை நான் பார்க்கல. யாரையும் பார்க்கல. நீங்க என்னை வேணாம்னு சொன்ன கோவத்துல சொல்லிட்டேன்."

இந்த வார்த்தைகளை வஹீதா பல வருஷமாக மனசுக்குள் கேட்டுப் பார்த்திருக்கிறாள். கேட்கும் நாளில் தான் கதறி அழுவோம் என்றுதான் நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. கத்தரிக்கோலை முறத்தில் வைத்தாள். கையில் ஒட்டியிருந்த இலைத் தூளைத் தட்டினாள்.

திரைக்கு வெளியே ஷபீதான் அழுதான்.

"தொழுகைக்கு நிக்கறப்பெல்லாம் அதான் முன்னாடி வந்து நிக்குது, பாபி. எத்தனையோ தடவை அல்லாகிட்ட மன்னிப்புக் கேட்டு தௌபா பண்ணிட்டேன். அல்லா கருணையுள்ளவன். எவ்ளோ பெரிய பாவமா இருந்தாலும் திரும்பி வந்தவனைத் தள்ள மாட்டான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்றாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா..."

"அல்லா மன்னிப்பான். அதுல எனக்கு சந்தேகமே இல்ல. அவன் குடுக்க வேண்டியதை அவன் குடுக்கட்டும். என்கிட்ட இருக்கறது வேற."

"அதைத்தான் கேக்கறேன்."

"எங்க சொன்னீங்களோ, அங்கயே போய் பொய்னு சொல்லுங்க. இன்னிக்கு ஜும்ஆ. தொழுகை முடிஞ்சு கூட்டம் கலையறதுக்கு முந்தி எழுந்து நின்னு சொல்லுங்க. நான் என் காதால கேக்கணும்."

ஷபீ நிமிர்ந்தான்.

"பள்ளிவாசல்லயா? பாபி, செஞ்ச பாவத்தை நாமளே வெளிய போட்டு உடைக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. அல்லாவே மூடி வெக்கறான்..."

"உங்க தப்பை மூடி வெச்சான். சரி. என் மேல போட்டீங்களே, அதை யாரு மூடினாங்க?"

ஷபீ துண்டால் கண்ணைத் துடைத்தான்.

ரஃபத் ஜஹான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அம்மா, அவரு அழறாரு. சொல்லிடேன். ஒரு வார்த்தைதானே."

"ஒரு வார்த்தைதான் நம்மளை இங்க கொண்டாந்து விட்டுது."

"அவருதான் ஒத்துக்கிட்டாரே."

"என்கிட்ட ஒத்துக்கிட்டாரு. எனக்குத் தெரியாததையா சொன்னாரு? போன மாசம் மேல்விஷாரத்துல இருந்து உன்னைப் பார்க்க வந்தாங்களே, ஏன் திரும்பிப் போனாங்க? அவங்க காதுல யாரு போய் ஒத்துக்கறது?"

அந்த மாப்பிள்ளை வீட்டார் ஷர்பத்தைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து போனது ரஃபத் ஜஹானுக்கு மறக்கவில்லை.

வெளியே ஷபீயின் குரல் கேட்டது. "ரயிலு இன்னிக்கு. கூட ரெண்டு பெரியவங்க வர்றாங்க, பாபி. ஊர்ல எல்லாரும் வழியனுப்ப வருவாங்க. இன்னிக்குப் போய் இதை எப்படி..."

"ஜும்ஆ ஒரு மணிக்கு. ரயிலு சாயந்திரம். நேரம் நெறைய இருக்கு."

வஹீதா எழுந்து ஆணியில் மாட்டியிருந்த புர்காவை எடுத்தாள். "பத்து மணி பஸ்ல நானும் வர்றேன். பள்ளிவாசல் பக்கத்துல ஜட்காவுல உக்காந்திருப்பேன். சொன்னீங்கன்னா கேட்டுக்கறேன். சொல்லலன்னா திரும்பி வந்துடறேன். உங்களைத் திட்ட மாட்டேன், சபிக்க மாட்டேன். ஆனா மாஃப்னு என் வாய் சொல்லாது."

*

ஆம்பூரில் ஷபீயின் அம்மா அக்தரி பேகம் மகனின் பயணப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, துணியில் ரொட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்து நேராக வீட்டுக்கு வந்த ஷபீ, குளிக்கப் போகுமுன் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டான். கட்டிக்கொண்டிருந்த முடிச்சை அவள் அவிழ்த்தாள்; மறுபடி கட்டினாள்.

"அவளை நான் பார்த்துக்கறேன். இந்த வாரமே பேரணாம்பட்டு போறேன். கால்ல விழுன்னா விழறேன். வீட்டுக்குள்ள வெச்சு முடிச்சுக்கலாம்பா. பள்ளிவாசல் வேணாம்."

"பள்ளிவாசல்லதான் சொன்னேன், அம்மா."

"உனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. பொய் சொன்னவன் பொண்ணுங்கன்னா யாரு கேட்டு வருவாங்க?"

"அண்ணன் பொண்ணை இப்போ யாரு கேட்டு வர்றாங்க?"

"மெட்ராஸ்ல இருந்து வர்ற வியாபாரிங்க உன் சொல்லை நம்பித்தான் சரக்கு எடுக்கறாங்க. உங்க அப்பா சேர்த்து வெச்ச பேரு..."

"அந்தப் பேரை நான் பொய்ல வெச்சு நடத்திட்டிருக்கேன். அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

அக்தரி பேகம் ரொட்டி மூட்டையைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கும் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"நீ சொன்னது பொய்னு தெரியும். அன்னிக்கே தெரியும்." அவள் அவனைப் பார்க்கவில்லை. "நீ எந்த ராத்திரியைச் சொன்னியோ, அந்த ராத்திரி நான் அவ வீட்லதான் படுத்திருந்தேன். கொழந்தைக்கு ஜுரம். நீ அப்போ ஷாப்புலயே படுத்துக்குவே, உனக்குத் தெரியாது. விடியற வரைக்கும் நானும் அவளும் மாத்தி மாத்தி முழிச்சிட்டிருந்தோம். ஒரு ஈ காக்கா வரல."

ஷபீ சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

"பெரியவங்க உங்ககிட்ட ஆள் அனுப்பிக் கேட்டாங்களே."

"கேட்டாங்க. நம்ம வீட்ல தூங்கிட்டிருந்தேன், ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்." அவள் குரல் தேய்ந்தது. "பெரியவனைப் பறிகொடுத்து ஒரு வருஷம் ஆகல. மிஞ்சினது நீ ஒருத்தன். உன்னைப் பொய்யன்னு நாலு பேரு முன்னால எப்படிச் சொல்லுவேன்? அவ என்னைத்தான் பார்த்துட்டிருந்தா. திரைக்குப் பின்னால என் பக்கத்துலயேதான் நின்னா. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல."

இத்தனை வருஷமும் இந்தப் பாவம் தனக்கு மட்டும்தான் என்று ஷபீ நினைத்திருந்தான். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறிய கைக்குள்ளும் அது இருந்திருக்கிறது. அம்மா மேல் கோபம் வந்தது. கோபப்படத் தனக்கு என்ன யோக்கியதை என்ற எண்ணமும் கூடவே வந்தது.

"பாபி அதை என்கிட்ட சொல்லவே இல்ல, அம்மா. இன்னிக்குக் காலைல கூட. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை எடுக்கல."

அக்தரி பேகம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"நான் என்னுதைப் போய் சொல்லிடறேன்" என்றான் ஷபீ. "உங்களுதை நீங்க பார்த்துக்கங்க."

வாளியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

*

பள்ளிவாசலில் அன்றைக்குக் கூட்டம் ஜாஸ்தி. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களைப் பார்த்து ஸலாம் சொல்ல ஷாப்பு ஆட்களும் மண்டிக்காரர்களும் வந்திருந்தார்கள். பாங்கு சொல்லுமுன் ஷபீ இமாமிடம் தனியாகப் போனான். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னான்.

இமாம் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ குடிச்சிருந்தேன்னு வெச்சுக்க. அது உனக்கும் அல்லாவுக்கும் நடுவுல. வெளிய சொல்லாதே, தௌபா பண்ணுன்னு சொல்லியிருப்பேன். இது அப்படி இல்ல. ஒரு பொம்பளையோட மானத்துல கை வெச்சிருக்கே. பழி போட்டவனோட தௌபா எதுல ஆரம்பிக்குதுன்னா, 'நான் பொய்யன்'னு அவன் வாயாலயே சொல்றதுல. அதை விட்டுட்டு நீ எந்த ஊருக்குப் போய் அழுதாலும் பாதி வேலைதான்."

"சொன்னா அல்லா மன்னிச்சிடுவானா, ஹஜ்ரத்?"

"மன்னிப்பான்னுதான் நம்பணும். அந்த நம்பிக்கையை விடறதே பெரிய பாவம். ஆனா அதை விலை பேசி வாங்க முடியாது. சொல்ல வேண்டியதைச் சொல்லு. மீதியை அவன்கிட்ட விடு."

பள்ளிவாசலின் தெற்குச் சுவரை ஒட்டி, வேப்பமர நிழலில் ஒரு ஜட்கா நின்றது. வண்டிக்குள் திரை கட்டியிருந்தது. வஹீதாவும் ரஃபத் ஜஹானும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் தலைக்கு மேலே ஒரு ஜன்னல். பங்குனி வெயிலில் புர்காவுக்குள் வியர்த்துக் கொட்டியது.

தொழுகை முடிந்தது. ஆட்கள் எழுந்திருக்கும் சலசலப்பு கேட்டது. வஹீதா வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் கொஞ்சம் இருங்க" என்று இமாமின் குரல் வந்தது. "ஷபீ அஹமது பேசணும்னு சொல்றாரு."

அப்புறம் அவன் பேச ஆரம்பித்தான். குரல் முன்வரிசையைத் தாண்டவில்லை. பின்வரிசையில் யாரோ, "கேக்கல" என்றார்கள்.

அவன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

"என் அண்ணி வஹீதா மேல, இதே எடத்துல, நான் ஒரு பழி சொன்னேன். பெரியவங்க நம்பினாங்க. அவங்களை ஊரை விட்டு அனுப்பினாங்க. நான் சொன்னது பொய். அவங்க வீட்ல இருந்து யாரும் வரல. நான் ஒண்ணும் பார்க்கல. அவங்க மேல எந்தக் குத்தமும் இல்ல."

ஒரு வயதான குரல் குறுக்கிட்டது. "போவுதுப்பா. முடிஞ்சு போனதை இன்னிக்கு ஏன் கிளறிட்டு? ஹஜ்ஜுக்குப் போற நேரத்துல. உக்காரு."

"முடியல, சாப். அவங்களுக்கு அது இன்னும் முடியல." இப்போது அவன் குரல் சுவரைத் தாண்டித் தெருமுனை வரை கேட்டது. "நான் பொய்யன். இதை எல்லாரும் வீட்ல போய் சொல்லுங்க. அன்னிக்கு அதைச் சொன்ன மாதிரியே இதையும் சொல்லுங்க."

உள்ளே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ரஃபத் ஜஹான் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வஹீதா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். தன் காதை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள். இன்னும் ஏதோ வர வேண்டும் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். அது வரவில்லை.

கூட்டம் வெளியே வந்தது. பழி சொன்ன அன்றைக்குப் பெரியவர்களில் ஒருவராக உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் ஜட்காவுக்கு எதிரே வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லத் தெரியாமல் நெஞ்சில் கையை வைத்துவிட்டுப் போனார். இன்னும் சிலர் தலையைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தார்கள். கடைசியில் ஷபீயும் அவனுக்குப் பின்னால் இமாமும் வந்தார்கள்.

"கேட்டீங்களா, பாபி?"

"கேட்டேன்."

அவன் காத்திருந்தான். திரை அசையவில்லை.

"மாஃப் பண்ணிட்டேன்" என்றாள் வஹீதா. "என் மேல சொன்னதுக்கு, முழுசா. இனிமே நான் அதை எடுக்க மாட்டேன். அல்லா சாட்சி."

ஷபீ ஜட்காவின் படியைப் பிடித்துக்கொண்டு தலையை அதில் சாய்த்தான். அவள் அவனை அழவிட்டாள். பிறகு சொன்னாள்:

"ஷபீ, என் பேரை மட்டும் சொன்னே. துரைசாமி பேரு வரலியே."

அவள் 'நீ' என்றது அவன் காதில் விழுந்தது. அவள் கேட்ட கேள்வி அதற்குப் பிறகுதான் உறைத்தது.

"அவரு..." என்று தடுமாறினான். "அவரு நம்ம ஜமாத்துல இல்லியே, பாபி. இங்க அவரு பேரை எடுத்து..."

"பழி போட்டப்போ இங்கதானே பேரை எடுத்தே? என்னையாவது வண்டி வெச்சு அனுப்பினாங்க. அவரை ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்துல கட்டி வெச்சு அடிச்சாங்க. உங்க அண்ணன் செத்தப்புறம் வீட்டுக்கு அரிசியும் மருந்தும் கொண்டாந்து வாசல்லயே வெச்சுட்டுப் போனவரு அவரு. தலை நிமிர்ந்து உள்ள பார்த்ததில்ல. என்னுதை நான் குடுத்துட்டேன். அவருதை நான் குடுக்க முடியாது."

ஷபீ இமாமைப் பார்த்தான்.

"உங்க அண்ணி சொல்றது சரி" என்றார் இமாம். "எந்த மதத்துக்காரனா இருந்தா இன்னா? அவனுக்கு செஞ்ச அநியாயத்துக்கு மன்னிப்பு அவன் கைலதான் இருக்கு. பேரைச் சொல்ல வேண்டியது என் பொறுப்பும்தான். சாயந்திரத் தொழுகையில நானே எல்லாருக்கும் சொல்றேன். ஆனா மன்னிப்பு, அவரைப் பார்த்து நீ கேக்கணும்."

"எங்க இருக்காருன்னு தெரியுமா?" என்று வஹீதா கேட்டாள்.

ஷபீ ஜட்காவின் படியிலிருந்து கையை எடுத்தான்.

"தெரியும். அணைக்கட்டுல இருக்காரு. மாமியார் வீட்டு நெலத்தைப் பார்த்துக்கறாரு." மேலும் சொன்னான்: "ரொம்ப வருஷமாத் தெரியும்."

"அப்போ போய்ட்டு வா."

அவன் வீட்டுப் பக்கம் நடக்கவில்லை. கூட வரும் பெரியவர்கள் இருவரிடமும் போய், தன் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ரயிலேறும்படியும், தான் காட்பாடியில் வந்து ஏறிக்கொள்வதாகவும் சொன்னான். அரக்கோணத்தில்தான் பம்பாய் வண்டிக்கு மாற வேண்டும். அதற்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். வேலூர் பஸ் நிற்கும் இடத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

ஜட்கா திரும்புகிற நேரத்தில் அக்தரி பேகத்தின் வேலைக்காரி ஹலீமா பீ மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"பெரியம்மா உங்களைச் சாப்பிட வரச் சொன்னாங்க. பேத்தியைக் கண்ணால பார்க்கணுமாம்."

ரஃபத் ஜஹான் அம்மாவைப் பார்த்தாள். வஹீதாவுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பெரியம்மாவுக்கு என் ஸலாம் சொல்லு" என்றாள். "அவங்களுக்கு என்கிட்ட சொல்ல ஏதாவது இருந்தா, பேரணாம்பட்டு பஸ் தெனமும் ஓடுது."

வண்டிக்காரனிடம், வழியில் எங்காவது சோறு கிடைக்கிற கடையில் நிறுத்தச் சொன்னாள்.

*

பள்ளிகொண்டாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஒரு ஜட்கா பிடித்து, ஷபீ அணைக்கட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் தணியத் தொடங்கியிருந்தது. விசாரித்துக்கொண்டு போன வீடு ஊருக்கு வெளியே, கடலை விளையும் கொல்லை ஓரத்தில் இருந்தது. வாசலில் ஒரு பெண் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். துரைசாமியின் மனைவி சுந்தரி.

"யாரு வேணும், சாப்?"

"துரைசாமியைப் பார்க்கணும். நான் ஆம்பூர்ல இருந்து வர்றேன். ஷபீ அஹமது."

அவள் கை நின்றது. அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"நீங்கதானா அது?"

"நான்தான்."

"மறுபடி இன்னா சொல்றதுக்கு வந்தீங்க?"

"நான் சொன்னது பொய்னு சொல்ல வந்தேன். இன்னிக்குப் பள்ளிவாசல்ல எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டேன். அவருகிட்டயும் சொல்லி மன்னிப்புக் கேக்கணும்."

சுந்தரி மடியிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு எழுந்தாள்.

"அவரு கொல்லையில தண்ணி கட்டறாரு. பொழுது சாஞ்சாத்தான் வருவாரு."

"நான் அங்கயே போய்ப் பார்க்கட்டுமா?"

"வேணாம். கூலி ஆளுங்க இருக்காங்க. அவங்களுக்கு அந்தக் கதை எதுவும் தெரியாது. நீங்க போய் நின்னா, அவரு எல்லாருக்கும் பதில் சொல்லணும்."

ஜட்காக்காரன் சாட்டையை உருட்டிக்கொண்டே வந்தான். "சாப், இப்பவே கிளம்பினாத்தான் காட்பாடில வண்டியைப் பிடிக்கலாம். லேட்டாச்சுன்னா குதிரையால ஆவாது."

ஷபீ சுந்தரியைப் பார்த்தான். அவன் என்ன கேட்கப் போகிறான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னு பார்க்காதீங்க. நான் சொல்ற மன்னிப்பு உங்களுக்கு ஆவாது. உங்க ஆளுங்க ஒடச்ச கை சரியாவே சேரல. சோத்துக்கை அது. இப்போ எடது கையாலதான் திங்கறாரு. கல்யாணம், காரியம், எந்தப் பந்தியிலயும் உக்கார மாட்டாரு. எல்லாரும் எழுந்து போனப்புறம் வீட்டுக்கு வந்து திம்பாரு. அதுக்கு நான் இன்னான்னு சொல்றது?"

அடித்தார்கள் என்று ஷபீக்குத் தெரியும். அன்றைக்கு அவன் ஷாப்புப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கை போனது தெரியாது. தெரிந்துகொள்ள ஒருநாளும் கேட்டதில்லை.

"சாப், போலாமா?" என்றான் ஜட்காக்காரன்.

காட்பாடி, அரக்கோணம், பம்பாய், கப்பல். வருஷம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்த வழி. அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டிகூட இந்நேரம் பெட்டியோடு ரயிலில் ஏறியிருக்கும். இப்போது வண்டியில் ஏறினால் எல்லாம் கிடைக்கும். ஏறிப் போய், அந்தப் புனித மண்ணில் நின்று, இடது கையால் சாப்பிடும் ஒரு மனிதனைப் பற்றி அல்லாவிடம் என்ன சொல்வான்?

"நீ போ" என்றான். "காட்பாடில ஆம்பூர் வண்டி வந்ததும் ஹாஜி சாப்மார் ரெண்டு பேரு இருப்பாங்க. நான் வரலன்னு சொல்லிடு. எனக்காகக் காத்திருக்க வேணாம்னு சொல்லு."

"கப்பல் போயிடுமே, சாப்."

"போவட்டும். அடுத்த வருஷமும் கப்பல் இருக்கு. இவரைப் பார்க்க எனக்கு அடுத்த வருஷம் இருக்குமான்னு தெரியாது."

ஜட்காக்காரன் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினான். சக்கரச் சத்தம் தேய்ந்து மறையும்வரை சுந்தரி நின்று கேட்டாள். அப்புறம் உட்கார்ந்து மறுபடி கடலை உடைக்க ஆரம்பித்தாள். அவனை உட்காரச் சொல்லவில்லை; போகவும் சொல்லவில்லை.

அவன் வாய்க்கால் தண்ணீரில் கை கால் முகம் கழுவி, ஒதுக்குப்புறமாகத் துண்டை விரித்துத் தொழுதான். முடித்துவிட்டு வைக்கோல் போர் ஓரத்தில் தரையில் உட்கார்ந்தான். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிப் பார்த்தான். பள்ளிவாசலில் சொன்ன வார்த்தைகள் இங்கே போதாது என்று தோன்றியது. துரைசாமி மறுத்துவிடலாம். விரட்டலாம். கிடைத்ததை எடுத்து அடிக்கலாம். அதற்காக எழுந்து போவதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டான்.

பொழுது சாய்ந்தது. கொல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரப்பின் மேல் ஓர் ஆள் நடந்து வந்தார். இடது தோளில் மண்வெட்டி. வலது கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. தலை நரைத்திருந்தாலும் அந்த நடை ஷபீக்குத் தெரிந்த நடை.

ஷபீ எழுந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

துரைசாமி வீட்டுக்கு அருகில் வந்ததும் அவனைப் பார்த்தார். நின்றார். மண்வெட்டியை மெதுவாக இறக்கிச் சுவரோரம் சாய்த்தார். அவன் வாயைத் திறக்குமுன், மனைவி பக்கம் திரும்பினார்.

"யாரு, சின்ன மொதலாளியா?"

"ஆமா. ரயிலை விட்டுட்டு உக்காந்திருக்காரு."

துரைசாமி ஷபீயை மறுபடி ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமா, வேறு ஏதாவதா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஒடம்பெல்லாம் சேறு" என்றார். "குளிச்சிட்டு வர்றேன். இருக்கச் சொல்லு."

கிணற்றடிக்குப் போனார். ஒற்றைக் கையால் கயிற்றை இழுத்து, காலால் மிதித்துப் பிடித்து, மறுபடி இழுத்துத் தண்ணீர் சேந்தும் சத்தம் நெடுநேரம் கேட்டது. உதவிக்குப் போகலாமா என்று ஷபீ ஓரடி எடுத்து வைத்தான். சுந்தரி தலையை அசைத்து வேண்டாம் என்றாள்.

அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.